பிறந்த தேதியும் படகேறிய தேதியும்: மதுரை முகாம்களில் நாற்பது ஆண்டுகள்

எங்கள் வீட்டுக்கு வர்ணம் பூச வந்தவர் மாதத்தில் இரண்டு நாள் வேலைக்கு வரமாட்டார். முதல் நாள் மாலையே தூரிகைகளைக் கழுவிக் கட்டி வைத்துவிட்டு, மறுநாள் செக்கிங் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார். முதல் தடவை எனக்குப் புரியவில்லை. விசாரித்தபோதுதான் மதுரை மாவட்டத்தில் உள்ள இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றில் அவர் குடியிருக்கிறார் என்பது தெரிந்தது.

செக்கிங் நாளில் முகாமுக்கு வருவாய்த் துறை அலுவலர் வருவார். மேசை போட்டு உட்கார்ந்து, குடும்பம் குடும்பமாகப் பெயர் வாசிப்பார். வாசித்த பெயருக்கு உரியவர் எதிரே வந்து நிற்க வேண்டும். கல்லூரிக்குப் போகும் பெண்ணும், திருப்பூரில் ஒப்பந்த வேலை பார்க்கும் பையனும், காய்ச்சலில் கிடக்கும் கிழவியும் வந்தாக வேண்டும். ஆள் இல்லையென்றால் அரசு தரும் மாதப் பணக்கொடை நின்றுபோகும். தொடர்ந்து இல்லையென்றால் முகாம் பதிவுக்கே ஆபத்து. பதிவு போய்விட்டால் இந்த மண்ணில் இருப்பதற்குக் கையில் ஒரு காகிதமும் மிஞ்சாது. எங்கள் வர்ணக்காரர் ஒன்பது வயதில் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு அந்த வரிசையில் நிற்கத் தொடங்கினார். இன்று அவருக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. அவருடைய மகளும் அதே வரிசையில் நிற்கிறாள்.

இந்த வரிசையின் கனம் மதுரைக்காரர்களுக்குத் தெரியாததல்ல. ஒரு முறை தெரிந்து, பிறகு மறந்துபோனது. 2016 மார்ச்சில், திருமங்கலத்துக்கு அருகே உள்ள உச்சப்பட்டி முகாமில் கணக்கெடுப்பு நடந்தபோது, ஒருவருடைய மகன் மருத்துவமனையில் இருந்தான். மகனுக்கு வருகை பதியும்படி தந்தை கேட்டார். அலுவலர் மறுத்துவிட்டார். வாக்குவாதம் முற்றியது. அந்தத் தந்தை மின்கோபுரம் ஒன்றில் ஏறி, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கையில் உயிரை விட்டார். போரிலும் கடலிலும் தப்பி வந்த மனிதரின் உயிர், ஒரு வருகைப் பதிவேட்டின் முன்னால் போயிற்று. சில நாள் செய்தியாக இருந்தது. பிறகு உச்சப்பட்டி என்றால் துணைக்கோள் நகரம், பக்கத்துத் தோப்பூர் என்றால் எய்ம்ஸ் மருத்துவமனை என்று பேச்சு மாறிவிட்டது.

மதுரை மாவட்டத்தில் ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் என்று மூன்று முகாம்கள் உள்ளன. ஆனையூர் இப்போது மாநகராட்சிக்குள்ளேயே வந்துவிட்டது. முகாமைச் சுற்றி வீட்டுமனைகள் விற்றுத் தீர்ந்து, மாடி வீடுகள் எழுந்துவிட்டன. அவற்றில் பல வீடுகளுக்கு வர்ணம் பூசியவர்கள் முகாம் ஆட்கள்தாம். அரசு வேலைக்கு வழியில்லாதவர்கள், படித்த படிப்புக்கு வேலை கிடைக்காதவர்கள் கடைசியில் வந்து சேரும் தொழிலாக, தமிழ்நாடு முழுவதும் முகாம் ஆண்களுக்குப் பெயிண்டிங் அமைந்துவிட்டது. அன்றன்றைக்குக் கூலி கிடைக்கும், சான்றிதழ் கேட்கமாட்டார்கள், செக்கிங் நாளில் நின்றுகொண்டாலும் வேலை போகாது.

சட்டத்தில் இல்லாத சொல்

அகதி என்றால் கதி இல்லாதவர். சொல் நம் வாயில் சாதாரணமாகப் புழங்குகிறது. ஆனால் இந்தியச் சட்டத்தில் அகதிகளுக்கென்று ஓர் இடம் இல்லை. அகதிகள் பற்றிய 1951-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையிலும் 1967-ஆம் ஆண்டு நெறிமுறையிலும் இந்தியா கையெழுத்திடவில்லை. தனிச் சட்டமும் இயற்றவில்லை. எனவே உயிருக்குப் பயந்து ஓடிவந்தவரும், விசா முடிந்த பிறகும் ஊர் திரும்பாத சுற்றுலாப் பயணியும் சட்டத்தின் கண்ணுக்கு ஒன்றுதான்: இருவரும் வெளிநாட்டவர். நெடுங்காலம் இதற்கு 1946-ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டம் இருந்தது. 2025 செப்டம்பர் முதல் அதன் இடத்தில் புதிய குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம் வந்திருக்கிறது.

முகாம், பணக்கொடை, அரிசி, பள்ளிக்கூடம் எல்லாம் அரசாணைகளின் வழியாக வருபவை. அரசு இரங்கினால் கிடைக்கும், இரங்காவிட்டால் நின்றுபோகும். நீதிமன்றத்தில் போய் இது என் உரிமை என்று கேட்க முடியாது. இந்த வேறுபாட்டை நாம் அழுத்திப் புரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டு அரசுகள் கட்சி வேறுபாடு இல்லாமல் செய்த உதவி சிறிதல்ல. உலகில் பல நாடுகளில் அகதிப் பிள்ளைகள் பள்ளிக்கூட வாசலையே பார்க்காமல் வளரும்போது, நம் முகாம் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் நம் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறார்கள். ஆனாலும் உதவி உதவிதான். உதவியாக வந்தது எதுவும் உரிமையாக மாறாமலே நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டன.

1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு இது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. அதுவரை நம் உறவுகள் என்று அழைத்த வாய்களே சந்தேகத்தோடு பேசத் தொடங்கின. முகாம்களில் கண்காணிப்பு இறுகியது. தொண்டு நிறுவனங்கள் உள்ளே வரத் தடை விழுந்தது. மேற்படிப்புக்கான இடங்கள் மூடப்பட்டன. அப்போது பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு தலைமுறை அப்படியே கூலி வேலைக்கு இறங்கியது. கொலையில் பங்கில்லாத பல்லாயிரம் பேர் அந்தக் கொலைக்கான விலையைக் கொடுத்தார்கள்.

கடல் கொடுத்த கணக்கு

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறக்குறைய 30 கிலோமீட்டர். மதுரையிலிருந்து மேலூருக்குப் போகிற தூரம்தான். அந்த இடைவெளியைக் கடந்து 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு மக்கள் வரத் தொடங்கினார்கள். முதல் அலையில், 1987 முடிவதற்குள், 1,34,053 பேர் வந்தார்கள். 1987 ஜூலையில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானதும் இருபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஊர் திரும்பினார்கள். 1990 ஜூனில் மறுபடியும் போர் வெடித்தது. இரண்டாவது அலையில் 1,22,078 பேர். திரும்பிப் போனவர்களில் பலர் மறுபடியும் படகேறி வந்தார்கள். 1996-க்குப் பிறகு ஓர் அலை, 2006-க்குப் பிறகு இன்னொன்று. எல்லாம் சேர்த்து 2012 வரை வந்தவர்கள் 3,04,269 பேர் என்று மத்திய உள்துறை அமைச்சகத்தின் கணக்கு சொல்கிறது. 1995 மார்ச்சுக்குள் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் 99,469 பேர். இன்னும் பலர் வேறு நாடுகளுக்குப் போனார்கள்.

எங்கள் வர்ணக்காரர் அந்த 1,22,078 பேரில் ஒருவர். 1990-இல் மன்னார்ப் பக்கம் பேசாலையிலிருந்து இரவில் படகு. அம்மாவின் தோடு படகுக் கூலியாகப் போயிற்று. விடிவதற்கு முன்னால் படகோட்டி ஒரு மணல் தீடையில் எல்லோரையும் இறக்கி, இதுதான் இந்தியா என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டான். வெளிச்சம் வந்த பிறகு பார்த்தால் சுற்றிலும் கடல். மரம் இல்லை, நிழல் இல்லை. பெண்கள் சேலையை இழுத்துப் பிடித்துப் பிள்ளைகளுக்கு நிழல் செய்தார்கள். ஒரே ஒரு கேனில் இருந்த தண்ணீரை மூடியால் அளந்து கொடுத்தார்கள். பிற்பகலில் ராமேசுவரத்து மீனவர்கள் பார்த்து ஏற்றிக்கொண்டார்கள். படகில் அவர்கள் சாப்பிட வைத்திருந்த கஞ்சியைப் பிள்ளைகளுக்கு ஊற்றினார்கள். அந்தக் கஞ்சியில் டீசல் வாடை அடித்தது என்று அவர் சொல்கிறார். இன்றும் டீசல் வாடை வந்தால் அவருக்குப் பசிக்குமாம்.

அப்பா ஒரு பாலிதீன் பையில் பிள்ளைகளின் பிறப்புச் சாட்சிப் பத்திரங்களை வைத்து, இறுக்க முடிந்து, இடுப்பில் கட்டியிருந்தார். மண்டபம் முகாமில் அவிழ்த்தபோது உப்புத் தண்ணீர் உள்ளே போய் மை கரைந்திருந்தது. அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உயிர் வந்ததே என்றுதான் இருந்தார்கள். அந்தக் கரைந்த காகிதங்கள் எவ்வளவு பெரிய இழப்பு என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது.

கடல் வழி இன்னும் மூடவில்லை. 2022 மார்ச்சில், குண்டுகளுக்கு அல்ல, விலைவாசிக்குப் பயந்து மக்கள் தனுஷ்கோடிக் கரையில் வந்து இறங்கினார்கள். பால்மாவும் மண்ணெண்ணெயும் கிடைக்காத நாட்டிலிருந்து கைக்குழந்தைகளோடு வந்தவர்கள் அவர்கள்.

மதுரையிலிருந்து போனவர்கள்

முகாம் என்றதும் யாழ்ப்பாணம், முல்லைத்தீவு என்றுதான் நம் மனம் போகிறது. முகாம்களில் இருப்பவர்களில் கணிசமானவர்கள் மலையகத் தமிழர்கள் என்பதும், அவர்களுடைய வேர் இதே மதுரை, ராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம்தான் என்பதும் பலருக்குத் தெரியாது. எனக்கும் அந்த வர்ணக்காரரிடம் பேசும் வரை தெரியாது. இலங்கை அகதிகள் பற்றிய நம் பேச்சில் பெரிதாக விட்டுப்போவது இதுதான் என்பதால் இங்கே சற்று நின்று பேச வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை மலைகளில் வெள்ளைக்காரர்கள் காப்பித் தோட்டம் போட்டார்கள். கூலிக்கு ஆள் வேண்டும். நம் பக்கத்து வறண்ட கிராமங்களில் பஞ்சமும் கடனும் இருந்தன. கங்காணிகள் வந்து முன்பணம் கொடுத்து ஆட்களைத் திரட்டினார்கள். மதுரைச் சீமையிலிருந்து ராமநாதபுரக் கடற்கரை வரை நடை, தோணியில் மன்னார், அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரை மறுபடி நடை. காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். காப்பியில் நோய் விழுந்த பிறகு தேயிலை வந்தது. தேயிலைக்கு இன்னும் அதிக ஆட்கள் வேண்டியிருந்தது. பின்னாளில் ரயிலும் கப்பலும் வந்தபோது, போகிறவர்களை நிறுத்திவைத்து நோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு மண்டபத்தில் இலங்கை அரசு ஒரு முகாம் வைத்திருந்தது. அதே மண்டபம் முகாமில்தான், போனவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் பின்னால் அகதிகளாகப் பதியப்பட்டார்கள்.

நூறு ஆண்டுக்கு மேல் உழைத்த அந்த மக்களை 1948-ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் ஒரே வீச்சில் நாடற்றவர்கள் ஆக்கியது. பிறகு 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரை இரு நாடுகளும் பங்கு பிரித்துக்கொண்டன. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். 1974-இல் அந்த மீதியையும் பாதிப் பாதியாக வெட்டினார்கள். பாகப்பிரிவினையில் பாத்திரங்களைப் பிரிப்பதுபோல் மனிதர்களைப் பிரித்தார்கள் என்பதற்கு மேல் மென்மையாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

ஒப்பந்தப்படி வந்தவர்களுக்குப் பெயர் தாயகம் திரும்பியோர். தலைமன்னாரிலிருந்து ராமானுஜம் கப்பலில் முறையான காகிதங்களோடு ராமேசுவரம் வந்தார்கள். அவர்கள் இந்தியக் குடிமக்கள். பின்னாளில் தேயிலைத் தோட்டக் கழகமாக மாறிய அரசுத் தேயிலைத் திட்டம் நீலகிரியில் 1968-இல் தொடங்கியதே அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகத்தான். கோத்தகிரி, கூடலூர், கொடைக்கானல் மலைகளில் அவர்கள் குடியேறினார்கள்.

எங்கள் வர்ணக்காரரின் பெரியப்பா அப்படி வந்தவர். கோத்தகிரிப் பக்கம் இருந்தார். கடைசித் தேர்தல் வரை ஓட்டுப் போட்டார். அப்பாவும் இந்தியாவுக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தவர்தான். முறை வருவதற்குள் 1977 கலவரம் வந்தது. அவர்கள் இருந்த லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, தீ வைத்தார்கள். இன்னும் பல மலையகக் குடும்பங்களைப்போல அவரும் வடக்கே வவுனியாவுக்கு ஓடி, காடு வெட்டிக் குடியேறினார். 1984-இல் கப்பலும் நின்றுபோனது. 1990-இல் அங்கேயும் இருக்க முடியவில்லை, படகேறினார். அண்ணன் கப்பலில் வந்ததால் குடிமகன். தம்பி படகில் வந்ததால் சட்டவிரோதக் குடியேறி. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே பாட்டனின் பேரர்கள்.

முகாமில் செக்கிங்குக்குக் கூப்பிடும்போதெல்லாம் அந்த அப்பா அதைப் பெரட்டு என்றுதான் சொல்வாராம். தேயிலைத் தோட்டத்தில் விடியற்காலையில் கூலிகளை வரிசையில் நிறுத்தி ஆள் எண்ணுவார்கள். அந்த இடத்துக்குப் பெரட்டுக்களம் என்று பெயர். மலையில் இருந்த லயத்து அறைக்கும் முகாமில் கிடைத்த பத்துக்குப் பத்து அடி அறைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதும் அவர் கணக்கு. முகாமிலேயே இறந்தார்.

மூன்று தேதிகள்

இனி குடியுரிமைச் சட்டத்துக்கு வருவோம். அலுப்பூட்டும் பகுதி என்று தாண்டிவிட வேண்டாம்; முகாமில் இருப்பவர்களின் தலையெழுத்து இங்கேதான் இருக்கிறது.

1955-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்பு வரை இந்திய மண்ணில் பிறந்தவர்கள், பெற்றோர் யாராக இருந்தாலும் பிறப்பால் இந்தியர். 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 3-க்கு முன்பு வரை பிறந்தவர்களுக்கு, தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவர்களுக்கு அதுவும் போதாது. ஒருவர் இந்தியராக இருந்தாலும், மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமல் நுழைந்த எவரும் சட்டவிரோதக் குடியேறி. சட்டவிரோதக் குடியேறி விண்ணப்பம் போட்டும் குடியுரிமை பெற முடியாது. எத்தனை ஆண்டு இங்கே வாழ்ந்தாலும் இதுதான் நிலை. உயிர் தப்ப ஓடிவருகிறவர் எந்த அலுவலகத்தில் விசா முத்திரை வாங்கிக்கொண்டு படகேறுவார் என்று சட்டம் கேட்பதில்லை.

எங்கள் வர்ணக்காரரின் மனைவி மேலூர்ப் பக்கத்துப் பெண். வாக்காளர் அட்டை உள்ளவர். அவருடைய அப்பனும் பாட்டனும் இந்த மண்ணைவிட்டு எங்கும் போகாதவர்கள். மகள் பிறந்தது 2006-இல், மதுரையில். மூன்று ஆண்டுக்கு முன்னால் பிறந்திருந்தால் தாய் வழியில் அவள் இந்தியப் பெண். இரண்டு ஆண்டு தாமதித்துப் பிறந்ததால், தந்தை வழியில் அந்நியப் பெண். தமிழ் தவிர வேறு மொழி வீட்டில் இல்லை. அழகர் ஆற்றில் இறங்கும்போது கூட்டத்தில் அப்பாவின் தோளில் ஏறிப் பார்த்து வளர்ந்தவள். இலங்கையை அவள் கண்டதே இல்லை. கல்லூரியில் நன்றாகப் படிக்கிறாள். வளாகத் தேர்வில் கம்பெனிக்காரர்கள் வந்து, தேர்வெல்லாம் முடிந்து, கடைசியில் கடவுச்சீட்டு எண் கேட்பார்கள். அந்த இடத்தில் நின்றுவிடும் என்று அவளுக்கு முந்திய வகுப்பு அக்காக்கள் சொல்லியிருக்கிறார்கள்.

நீதிமன்றம் சில கதவுகளைத் தட்டிப் பார்த்திருக்கிறது. மாட்டுத்தாவணியிலிருந்து ஒத்தக்கடை வழியாகத் திருவாதவூர் போகும் பஸ் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்தக் கிளையில் 2019 ஜூனில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் ஒரு தீர்ப்பு அளித்தார். திருச்சி கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த மலையக வம்சாவளியினர் 65 பேர் குடியுரிமை கேட்டிருந்தார்கள். அவர்கள் சட்டவிரோதக் குடியேறிகள் என்பது வெறும் தொழில்நுட்ப அர்த்தத்தில்தான், அவர்களுடைய பாட்டன் பூட்டன் இந்தியர்கள் என்பதை மறக்கக் கூடாது என்ற கோணத்தில் வழக்கைப் பார்த்த அவர், புதிதாக விண்ணப்பம் பெற்று 16 வாரத்தில் முடிவெடுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டார். அதே நீதிபதி 2022 ஆகஸ்டில், 1986 ஏப்ரலில் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்தியக் கடவுச்சீட்டு கொடுக்கச் சொன்னார். 1987 ஜூலை 1-க்கு முன்பு பிறந்தவர் என்பதால் அவர் பிறப்பாலேயே இந்தியர். அந்தப் பெண் 2024 மக்களவைத் தேர்தலில் ஓட்டுப் போட்டார். முப்பத்தெட்டு வயதில் முதல் ஓட்டு. இத்தனைக்கும் அவருக்குச் சலுகை எதுவும் காட்டவில்லை. பிறந்த அன்றே அவருக்கு இருந்த உரிமை அது. அதைத் தெரிவிக்க ஆள் இல்லை, வழக்குப் போட வசதி இல்லை. அந்தத் தேதிக்குள் முகாமில் பிறந்த மற்றவர்களைத் தேடிப் போய்ச் சொல்ல வேண்டியது அரசின் கடமை என்று நான் நினைக்கிறேன். ஒவ்வொருவரும் வழக்கறிஞர் வைத்துத்தான் இந்தியர் ஆக வேண்டுமா?

2019-இல் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த முஸ்லிம் அல்லாதவர்களுக்கு வழி திறந்தது. 1983-இலிருந்து இங்கே இருக்கும் இலங்கைத் தமிழர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு ஒரு விலக்கு ஆணை வெளியிட்டது. 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள்மீது, கடவுச்சீட்டோ விசாவோ இல்லாமல் வந்து தங்கியதற்காகப் புதிய சட்டத்தின் தண்டனைப் பிரிவுகள் பாயாது. இனி சிறைப் பயம் இல்லை என்பது பெரிய ஆறுதல்தான். ஆனால் தண்டிக்கமாட்டோம் என்பது வேறு, நீ எங்களில் ஒருவர் என்பது வேறு. முகாமில் இப்போது நான்காவதாக ஒரு தேதியை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார்கள்.

திரும்பிப் போகலாமே?

போர் 2009 மே மாதத்தில் முடிந்துவிட்டதே, இன்னும் ஏன் இங்கே இருக்கிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் தவறில்லை. போகிறவர்கள் போய்க்கொண்டும் இருக்கிறார்கள். ஆனால் போவதற்கும் காகிதம் வேண்டும். இங்கே பிறந்த குழந்தையைச் சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்து குடியுரிமைச் சான்று பெற வேண்டும்; இந்திய அதிகாரிகளிடம் வெளியேறும் அனுமதி வாங்க வேண்டும். ஊரில் நிலம் வைத்திருந்தவர்களில் பலருடைய நிலம் பல்லாண்டு ராணுவத்தின் கையில் இருந்தது. மலையகத்தாருக்கு அந்த நிலமும் இல்லை. லயம் தோட்டத்துக்குச் சொந்தம். வவுனியாவில் வெட்டிய காட்டுக்கு உறுதிப் பத்திரம் கிடையாது. நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கொடுக்க இலங்கை 2003-இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, கலவரத்தால் இந்தியாவுக்கு ஓடியவர்களையும் 2009 திருத்தத்தில் சேர்த்தது உண்மை. ஆனால் அங்கே இருந்தேன் என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். பாலிதீன் பைக்குள் கரைந்துபோன மை நினைவிருக்கிறதல்லவா?

இங்கே சில மாற்றங்கள் நடந்திருக்கின்றன. அவற்றைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு 317.40 கோடி ரூபாய்த் திட்டங்களை அறிவித்தது. அப்போது முகாம்களில் 58,822 பேரும், முகாமுக்கு வெளியே காவல் நிலையங்களில் பதிந்துகொண்டு 34,087 பேரும் இருந்தார்கள். குடும்பத் தலைவருக்கான பணக்கொடை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாகவும், மற்றப் பெரியவர்களுக்கு 750-இலிருந்து 1,000 ரூபாயாகவும், பிள்ளைகளுக்கு 400-இலிருந்து 500 ரூபாயாகவும் உயர்ந்தது. 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்ட முடிவாயிற்று. திண்டுக்கல் அருகே தோட்டனூத்தில் 321 வீடுகள் 2022 செப்டம்பரில் திறக்கப்பட்டன. தார்ச்சீட்டுக் கூரைக்கடியில் வெந்துகொண்டிருந்தவர்களுக்குக் கான்கிரீட் தளமும் சமையலறையும் தனிக் கழிப்பறையும் என்ன என்பதை, சித்திரை மாதத்து மதுரை வெயிலில் ஒரு மணி நேரம் அந்தப் பழைய அறைக்குள் உட்கார்ந்து பார்த்தவர்கள் உணர்வார்கள். அகதிகள் முகாம் என்ற பெயரும் மறுவாழ்வு முகாம் என்று மாறியது. பெயர்ப்பலகையை மாற்றி எழுதும் வேலை எங்கள் வர்ணக்காரருக்குத் தெரிந்த பையனுக்குத்தான் கிடைத்ததாம். அவனும் முகாமில் இருப்பவன்.

அவரிடம் நான் கடைசியாக ஒரு சிவராத்திரிக்குப் பிறகு பேசினேன். திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்தில் மாசிப் பச்சைக்குக் குலதெய்வத்தைக் கும்பிடப் போவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது இந்தப் பக்கத்தாருக்குத் தெரியும். எங்கே பிழைக்கப் போனவர்களும் அன்றைக்கு வந்துவிடுவார்கள். அவருடைய பூட்டன் இலங்கைக்குப் போகும்போது கையில் கொண்டுபோனது குலதெய்வத்தின் பெயர் ஒன்றுதான். தோட்டத்தில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு கல்லை நட்டு அதே பெயரில் கும்பிட்டார்கள். ஊர்ப் பெயர் தலைமுறை தாண்டித் தேய்ந்துபோனது. சாமி பெயர் தேயவில்லை. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு அப்பா முகாமிலிருந்து ஞாயிறுதோறும் பஸ் ஏறி, கிராமம் கிராமமாக விசாரித்திருக்கிறார். இரண்டு ஆண்டு தேடிக் கோயிலைக் கண்டுபிடித்தார். பங்காளிகள் என்று சொல்லிக்கொண்டு போய் நின்றபோது ஊர்ப் பெரியவர்கள் சந்தேகப்பட்டார்கள். வம்சம் கேட்டார்கள். இவர் தெரிந்தவரை பூட்டன், பாட்டன் பெயர்களைச் சொன்னார். ஒரு கிழவர் மட்டும், கண்டிச் சீமைக்குப் போய்த் திரும்பாத ஓர் அண்ணன் தம்பியைப் பற்றித் தன் பாட்டி சொல்லக் கேட்டிருப்பதாகச் சொன்னாராம்.

அந்த ஆண்டு கோயில் வரி நோட்டில் ஒரு தலைக்கட்டு கூடியது. அப்பா இறந்த பிறகு அந்த இடத்தில் மகன் பெயரை எழுதியிருக்கிறார்கள். இந்த ஆண்டுக்கான வரியைக் கட்டிய ரசீதை அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். பாலிதீன் உறைக்குள் போட்டு வைத்திருந்தார். சிவராத்திரி இரவு முழுவதும் கோயிலில் கண் விழித்துவிட்டு, விடிந்ததும் முதல் பஸ் பிடித்துத் திரும்பினாராம். அன்று காலை பத்து மணிக்குச் செக்கிங்.